மருதமடுவின் ஏட்டு அதிகாரிகள்

அன்று மருதமடுக் கரைக்கு வந்திருந்தவர்கள்: கரடி ஒன்று, காட்டுப்பன்றி ஐந்து, சருகுமான் இரண்டு, மந்தி ஒன்பது, முயல் ஆறு, மயில் மூன்று, மைனா ஒன்று, அணில் ஒன்று, உடும்பு ஒன்று, கிளி ஒன்று, முள்ளம்பன்றி ஒன்று. ஆக மொத்தம் முப்பத்தொன்று. கரையான்களும் வந்திருந்தன. அவற்றை எண்ண முடியவில்லை.

கூட்டத்தைக் கூட்டியவர் கரடி மூப்பர். பேச வந்தவர் வித்தகர் என்ற கிளி.

அந்தக் காட்டில் தண்ணீர் என்றால் மருதமடு ஒன்றுதான். எந்தத் துறையில் யார் எந்த நேரம் குடிப்பது, எந்தக் கரையில் யார் கிழங்கு தோண்டுவது என்பதையெல்லாம் பேசி முடித்ததும் பனையோலையில் நகத்தால் கீறி வைப்பார்கள். ஒப்புக்கொண்ட இரண்டு தரப்பும் ஓலையின் ஓரத்தை ஒரு கடி கடிக்க வேண்டும். பல் தடம் இல்லாத ஓலை செல்லாது. அப்படிப் பல் பதிந்த ஏடுகள் அறுநூற்று நாற்பது, மேற்கே ஒரு பாறைக் குகையில் இருந்தன.

பதினொரு மழைக்காலமாக அவற்றைப் பார்த்துக்கொண்டவள் கூராயி என்ற முள்ளம்பன்றி. யாராவது ஏடு கேட்டால் முதுகு முள் ஒன்றில் குத்திக்கொண்டு போவாள். காட்டுவாள். திரும்பக் கொண்டுவந்து எடுத்த இடத்திலேயே வைப்பாள். படித்துப் பார்க்காமல் அவள் எந்த ஏட்டையும் உள்ளே வைத்ததில்லை. ஓர் ஏடு இன்னோர் ஏட்டை நம்பி நின்றால் இரண்டையும் பக்கம் பக்கமாக வைப்பாள். நாலு பேர் பார்த்தால் அவளுக்கு முள்ளெல்லாம் சலசலக்கும். அதனால் கூட்டம் என்றால் ஆகாது. வரச் சொன்னார்களே என்று வந்து, கடைசியில் ஒரு புதருக்குள் பாதி உடம்பை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வித்தகர் இரண்டு ஆண்டுகள் நகரத்தில் ஓர் அலுவலகத்தின் பதிவறைச் சன்னலில் குடியிருந்தவர். அங்கே ஒரு தாளையும் அவர் புரட்டியதில்லை. ஆனால் அங்கே பேசியது முழுவதும் அவர் காதில் விழுந்திருந்தது. ஆவணங்களைக் காப்பது ஒரு துறை, அதற்கு முறையான பயிற்சி வேண்டும், பயிற்சி இல்லாதவர் கையில் இந்தக் காட்டின் வரலாறே இருக்கிறது என்று அவர் ஒரு நாழிகை பேசினார். பிறகு புதரைப் பார்த்தார்.

"கூராயி, நீ எங்கே பயின்றாய்?"

"குகையில்தான்" என்றாள் கூராயி. முள் சலசலத்தது.

மந்திகள் சிரித்தன. கரடி மூப்பர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். இத்தனை காலம் இது தெரியாமல் இருந்துவிட்டோமே என்ற வருத்தம் அது.

ஒன்பது நாள் பயிற்சி தொடங்கியது. சேர்ந்தவர்கள் நால்வர்: மைனா, அணில், உடும்பு, கூராயி. குகைக்குள் இருட்டாக இருந்ததால் பயிற்சி முழுவதும் மரத்தடியில் நடந்தது. ஏட்டின் இலக்கணம் என்ன, ஏட்டுக்காப்பாளரின் கடமைகள் எத்தனை, வகை எத்தனை, அவற்றின் உட்பிரிவு எத்தனை என்று வித்தகர் சொல்லச் சொல்ல மைனா அப்படியே திருப்பிச் சொன்னது. வித்தகருக்கு அதன்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

பத்தாம் நாள் தேர்வு. "ஏடு என்றால் என்ன?" என்பது முதல் கேள்வி. நடந்ததற்குச் சான்றாகவும் வருங்காலப் பயன் கருதியும் உரிய முறையில் பேணப்படும் பதிவு என்று மூவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். கூராயி வெகுநேரம் யோசித்தாள்.

"எந்த ஏடு என்று சொன்னால் எடுத்துத் தருகிறேன்" என்றாள்.

அவள் தேறவில்லை. தேறிய மூவருக்கும் வித்தகர் தம் வாலிலிருந்து ஆளுக்கு ஒரு பச்சை இறகு கொடுத்தார். அதற்குமேல் கொடுத்தால் பறக்க முடியாது என்பதால், ஒருத்தி தோற்றது அவருக்கும் வசதியாகத்தான் இருந்தது.

மைனா வகைப்பாட்டு அதிகாரி ஆயிற்று. அணில் காப்பு அதிகாரி. உடும்பு கழிப்பு அதிகாரி. கூராயிக்குக் குகை வாசலைப் பெருக்கும் வேலை கிடைத்தது. முதுகிலேயே துடைப்பம் இருக்கிறதே என்று காட்டுப்பன்றி கொம்பையன் சொன்னான். அதையும் ஒரு தகுதியாகவே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

மைனா முதல் வேலையாக ஏடுகளை நெட்டை, நடுத்தரம், குட்டை என்று மூன்றாகப் பிரித்தது. பார்க்க அழகாக இருந்தது. அணில் ஒவ்வொரு கட்டையும் கொடியால் கட்டி, அவிழ்க்க முடியாதபடி முடிச்சுப் போட்டது. அடுத்து உடும்பு ஒரு விதியை வாசித்தது. மூன்று மழைக்காலமாக யாரும் கேட்காத ஏடு செத்த ஏடு. செத்ததைக் கழித்துவிட வேண்டும்.

மூன்று மழைக்காலத்தில் கேட்கப்பட்டவை ஐம்பத்தெட்டு. அவற்றில் நாற்பத்தொன்று கொம்பையனுடையவை. அவன் வாரம் தவறாமல் யாரோடாவது சண்டை போடுகிறவன். சண்டை போட்டால் ஏடு கேட்பான். மீதி ஐந்நூற்று எண்பத்திரண்டையும் கட்டுக்கு ஆறாகக் கட்டிக் கரையான் புற்றருகில் வைத்தார்கள். தொண்ணூற்றேழு கட்டு வந்தது.

கூராயி பெருக்குவதை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக யாரும் கேட்காமலே பேசினாள்.

"ஒத்துக்கொண்டபடி இரண்டு பேரும் நடந்தால் ஏட்டை எதற்குக் கேட்பார்கள்? கேட்காமல் கிடப்பதுதான் ஐயா வேலை செய்கிற ஏடு."

"உணர்ச்சிக்கு இதில் இடமில்லை அம்மா" என்றார் வித்தகர். "விதிக்கு விலக்குக் கேட்பவர்கள் பயிற்சி பெறாதவர்கள் என்று எங்கள் பதிவறையில் சொல்வார்கள்."

கரையான்கள் நான்கு நாளில் வேலையை முடித்தன. முடித்ததற்குச் சான்றாக ஓர் ஓலையில் அவற்றையும் பல் பதிக்கச் சொன்னார்கள். ஓலையையும் தின்றுவிடப் பார்த்தன. உடும்பு பிடுங்கி வைத்துக்கொண்டது.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. மருதமடு பாதியாகச் சுருங்கியது. மூன்று துறைகளில் சேறுதான் மிச்சம். வடக்குத் துறையில் மட்டும் தெளிந்த தண்ணீர் இருந்தது.

அந்தத் துறை விடிந்ததிலிருந்து சூரியன் மருத மரத்தின் உச்சிக்கு ஏறும்வரை சருகுமான்களுக்கு உரியது. முயலைவிடச் சற்றே பெரிய உயிர்கள் அவை. பன்றிக் கால்களுக்கு நடுவே தலையை நீட்டினால் மிதிபட்டே செத்துப்போகும். அதனால்தான் முன்னோர் அப்படி ஒரு நேரம் ஒதுக்கி ஏடு எழுதி வைத்தார்கள். இத்தனை காலம் யாரும் அதை மீறவில்லை. ஆகவே யாரும் அந்த ஏட்டைக் கேட்கவும் இல்லை.

ஒரு நாள் விடியற்காலையில் கொம்பையன் வடக்குத் துறையில் படுத்துக்கொண்டான். சருகுமான்கள் காத்திருந்து பார்த்துத் திரும்பிப் போயின. மறுநாளும் அப்படியே. பெண்மானுக்கு அது நிறைமாதம். மூன்றாம் நாள் அது நடக்க முடியாமல் நடந்து கரடி மூப்பரிடம் முறையிட்டது.

மூப்பர் கொம்பையனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் மூக்கை உறிஞ்சினான்.

"ஏட்டைக் காட்டச் சொல்லுங்கள், எழுந்துவிடுகிறேன்."

மூப்பர் அதிகாரிகள் மூவரையும் பார்த்தார். இது நீர், நீரில் துறை, துறையில் நேரம் என்ற வகையைச் சேர்ந்தது என்று மைனா உடனே சொன்னது. அணில் தன் பொறுப்பில் இருந்தவரை ஏடு நன்றாக இருந்தது என்றது. உடும்பு கழிப்புச் சான்றைக் கொண்டுவந்து விரித்தது. தொண்ணூற்றேழு கட்டு, கட்டுக்கு ஆறு, பல் தடம் உண்டு. எந்தெந்த ஏடு என்று மட்டும் அதில் இல்லை.

"பார்த்தீர்களா, எவ்வளவு முறையாகக் கழித்திருக்கிறார்கள்" என்றார் வித்தகர். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏடு இல்லாமல் தீர்ப்புச் சொல்ல வழியில்லை என்று மூப்பர் பெருமூச்சு விட்டார். கொம்பையன் மறுபடி துறையை நோக்கித் திரும்பினான். பெண்மான் நின்ற இடத்திலேயே முட்டி மடங்கிச் சரிந்தது.

கூராயி அதைப் பார்த்தாள். குகைக்குள்ளே எது எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றாக நினைத்தாள். வடக்குத் துறை ஏடு போய்விட்டது. அதற்குப் பக்கத்தில் வைத்திருந்தது எது? அவள் மைனாவிடம் போனாள். முள்ளெல்லாம் சலசலத்தது, அவள் நிற்கவில்லை.

"நெட்டைக் கட்டில் கோரைக்கரை ஏடு இருக்கும். எடுத்துத் தாருங்கள்" என்றாள்.

கொம்பையன் காதில் அது விழுந்தது. கோரைக்கரை அவனுடைய சொத்து. அந்தப் பஞ்சத்திலும் கிழங்கு கிடைத்த இடம் அது ஒன்றுதான். தம்பி செம்பையனிடம் வாதாடி ஜெயித்து வாங்கியது. தம்பியை வெறுப்பேற்றுவதற்காகவே அந்த ஏட்டைப் பதினேழு தடவை கேட்டு வாங்கிப் படித்திருந்தான்.

"அதை எடுப்பானேன்? எனக்கு மனப்பாடம்" என்று சந்தோஷமாகத் திரும்பி வந்தான். செம்பையனைத் தேடிப் பிடித்து அவன் முகத்துக்கு நேரே நின்றுகொண்டான். "கோரைக்கரையை முதலில் மிதித்தவன் செம்பையன். ஆனாலும் அவன் வந்தது விடியற்காலையில், வடக்குத் துறை வழியாக. வடக்குத் துறை அந்நேரத்தில்..."

நின்றுவிட்டான்.

"மேலே சொல்லு" என்றார் மூப்பர்.

கொம்பையனுக்கு மறந்துவிட்டதாம். அதற்குள் அணில் குகையிலிருந்து கட்டைக் கொண்டுவந்து பல்லால் முடிச்சை அறுத்திருந்தது. மைனா ஏட்டை எடுத்து வாசித்தது. "வடக்குத் துறை அந்நேரத்தில் சருகுமான்களுக்கு உரியது. ஆகையால் அவ்வழி வந்தவன் வந்தது கணக்கில்லை. கோரைக்கரை கொம்பையனுக்கே." ஓரத்தில் கொம்பையனின் பல் தடம் எல்லாவற்றையும்விட ஆழமாக இருந்தது.

கூராயி தரையைப் பார்த்தபடி பேசினாள். "இந்த ஏடு செல்லும் என்றால் துறை மானுக்கு. செல்லாது என்றால் கோரைக்கரை உன் தம்பிக்கு. எது என்று நீயே சொல்லிவிடு அண்ணா."

"செல்லாதென்றே சொல்லிவிடு அண்ணே" என்றான் செம்பையன், மிகுந்த பாசத்தோடு.

கொம்பையன் தம்பியைப் பார்த்தான். தண்ணீரைப் பார்த்தான். மூப்பரைப் பார்த்தான்.

"செல்லும்" என்றான்.

ஆண்மானும் இரண்டு முயல்களும் முட்டுக்கொடுத்துப் பெண்மானைத் துறைக்கு இறக்கின. அது வெகுநேரம் குடித்தது.

பிறகு வித்தகர் பேசினார். ஓர் ஏட்டைக்கொண்டு இன்னோர் ஏட்டின் உரிமையை நிறுவுவதற்கு உயர்நிலைப் பயிற்சியில் ஒரு தனிப் பாடமே உண்டு என்றார். அதை இன்று செயலில் காட்டியதற்காக மைனாவுக்கும் அணிலுக்கும் உடும்புக்கும் இரண்டாவது இறகு கொடுத்தார். அதன்பிறகு அவர் வீட்டுக்கு நடந்தே போனார். கூராயியைப் பழையபடி ஏட்டுக்காப்பாளராக வைத்துக்கொள்ளலாமா என்று மூப்பர் கேட்டார். தேர்வில் தேறாதவரை வைப்பதற்கு விதி இல்லை என்று மூன்று அதிகாரிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.

வடக்குத் துறைக்குப் புதிதாக ஓர் ஏடு எழுதினார்கள். சருகுமான் கடித்தது. கொம்பையனும் கடித்தான்.

கூராயி இன்றும் வாசலைப் பெருக்குகிறாள். மழை தொடங்கும் நாளில் மட்டும் துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, கேட்க வந்தவள்போல் மைனாவின் முன்னால் போய் நிற்பாள். குகையில் உள்ள ஒவ்வோர் ஏட்டையும் பெயர் சொல்லிக் கேட்பாள். மைனா எடுத்துக் கொடுத்து, கேட்கப்பட்டது என்று குறித்துக்கொள்ளும். அவள் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பாள். வருடா வருடம் இவளுக்கு எதற்கு இத்தனை ஏடு என்று உடும்புக்கு இன்னும் விளங்கவில்லை.

ஏட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அறியாதவர் எத்தனை இறகு வாங்கினாலும் ஏடு காக்கக் கற்றவர் ஆகமாட்டார். மருதமடுக் குகையில் மிஞ்சிய ஏடுகள் ஐம்பத்தொன்பது.