புளியமரத்துக் கிணற்றுத் தண்ணீர்

முன்னொரு காலத்தில் கருவேல நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை மகுடவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் கடைசியாக அவன் காதில் யார் பேசினார்களோ, அவர்கள் பேச்சுதான் அன்றைக்குச் சட்டம். அப்படிக் கடைசியாகப் பேசுகிறவர் பெரும்பாலும் மருதப்பராக இருப்பார். தலைநகரத்துக் குப்பையை அப்புறப்படுத்தும் பொறுப்பு அவருடையது.

அந்தக் குப்பை முழுவதும் ஊருக்கு மேற்கே நீர்முளை என்ற சிற்றூரை ஒட்டிக் கொட்டப்பட்டது. ஏழு வருஷத்தில் அது மலையாக வளர்ந்துவிட்டது. மழை பெய்தால் கறுப்பாக ஒரு சாறு வடிந்து கிணறுகளில் இறங்கியது. போன ஐப்பசியில் வயிற்றுப்போக்கு வந்து மூன்று குழந்தைகள் செத்தன. அதில் ஒன்று, கீரை விற்கும் காத்தாயியின் தங்கை மகள்.

நீர்முளை ஜனங்கள் இரண்டு தரம் அரசவையில் வழக்குப் போட்டார்கள். முதல் தரம் ராஜாவே பார்க்க வந்தான். அதற்கு முந்தின நாள் யாரோ மேட்டை மண்போட்டு மூடி, மேலே பூச்செடி நட்டு வைத்திருந்தார்கள். இரண்டாம் தரம் எந்தெந்தக் கிணறு கெட்டது என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவு செய்தார்கள். சபைக்குப் போனால், அதே கிணறுகளின் பேர் எழுதிய குடங்களோடு மருதப்பர் தயாராக நின்றார். தண்ணீர் தேனாக இனித்தது. வழக்குத் தள்ளுபடி ஆயிற்று.

அன்றிலிருந்து காத்தாயி யாரையும் நம்பவில்லை. நம்ம ஊரிலேயே யாரோ சேதி கொண்டுபோகிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. பக்கத்து வீட்டுக்காரி அடுப்புக்கு நெருப்புக் கேட்டு வந்தாலும், எதற்கு வந்தாள் என்று யோசித்தாள். மூன்றாம் தரம் வழக்குப் போட்டபோது, என்ன பேசப்போகிறாள் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. கூட வந்த நான்கு பேரிடம், "நான் எதைச் சொன்னாலும் வாயைத் திறக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

சபையில் ராஜா எரிச்சலாக இருந்தான். "மூன்றாவது முறை வந்திருக்கிறாய். இதுவும் பொய்யானால் ஊரைக் காலி செய்துவிட்டு அந்த இடத்தையும் குப்பைக்கே கொடுத்துவிடுவேன். சம்மதமா?"

"சம்மதம் மகாராசா" என்றாள் காத்தாயி.

"எந்தக் கிணறு கெட்டது?" என்று கேட்டார் மந்திரி அறவாழி.

"புளியமரத்துக் கிணறுங்க."

அவளோடு வந்த நால்வரில் ஒருவன் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். மந்திரியின் கண் அவன்மேல் ஒரு நொடி நின்றது. போச்சு, இந்த மந்திரி கண்டுகொண்டான், இவனும் மருதப்பர் ஆள்தானே என்று காத்தாயி நினைத்தாள். ஆனால் மந்திரி மருதப்பர் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் என்ன சொல்கிறீர்கள் மருதப்பரே?"

"பிரபு, நீர்முளையின் ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரும் தினமும் காலையில் என் வீட்டுக்கு வருகிறது. நானே குடித்துப் பார்க்கிறேன். புளியமரத்துக் கிணற்றுக் குடமும் இருக்கிறது. இதோ கொண்டுவரச் சொல்கிறேன்."

சற்று நேரத்தில் வாய் கட்டிய குடம் வந்தது. ராஜா ஒரு செம்பு குடித்தான். இன்னொரு செம்பும் கேட்டு வாங்கிக் குடித்தான். "அருமையான தண்ணீர்" என்றவன் காத்தாயியை முறைத்தான்.

"கொஞ்சம் பொறுங்கள் பிரபு" என்றார் மந்திரி. "மருதப்பரே, இது இன்று காலை இறைத்ததா?"

"இன்று விடியற்காலை."

"யார் இறைத்தது?"

"நானே நேரில் நின்று இறைக்க வைத்தேன். குடத்தின் வாயைக் கட்டியதும் நான்தான்."

மந்திரி காத்தாயியைப் பார்த்தார். "நீ ஏதாவது கேட்க வேண்டுமா, அம்மா?"

காத்தாயி மருதப்பரை நோக்கிக் கும்பிட்டாள். "ஒண்ணே ஒண்ணுங்க ஐயா. புளியமரத்துக் கிணறு மூணு வருஷமா உங்க குப்பைக்கு அடியில கிடக்குது. மரமும் அதுக்குள்ளதான் இருக்குது. நீங்க எந்த வழியா வாளிய இறக்குனீங்க?"

மருதப்பர் தான் வாய் கட்டிய குடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

ராஜா கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தான். "அப்படியென்றால் நான் குடித்தது எந்தத் தண்ணீர்?"

"என் வீட்டுக் கொல்லைக் கிணற்றுத் தண்ணீர், பிரபு."

"குப்பையைப் பார்க்க நீ ஒரு நாளாவது அங்கே போயிருக்கிறாயா?"

"போனதில்லை, பிரபு" என்றார் மருதப்பர்.

"இவனுக்கு என்ன தண்டனை வேண்டும், கேள்" என்றான் ராஜா.

"தண்டனை வேண்டாம் மகாராசா. மேட்டை அப்புறப்படுத்தி எங்க தண்ணி தெளியுற வரைக்கும் அவர் கொல்லைக் கதவு எங்களுக்குத் திறந்திருக்கட்டும். தண்ணிதான் அருமையா இருக்குன்னு நீங்களே சொன்னீங்களே."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். அப்படியே ஆகட்டும் என்றான். காத்தாயி நகரவில்லை.

"இன்னும் என்ன?"

"ஓலையில எழுதி முத்திரை போட்டுக் கொடுத்திடுங்க மகாராசா. சாயங்காலம் யார் வந்து என்ன பேசுவாங்களோ, எனக்குத் தெரியாது."

ராஜாவின் முகம் சுருங்கியது. பிறகு ஓலையை அவனே வாங்கி முத்திரை வைத்தான். நீர்முளைக்குக் கீரை நிலம் பத்துக் காணி மானியமும் சேர்த்து எழுதச் சொன்னான்.

மறுநாள் விடிந்ததும் மருதப்பர் கொல்லையில் எண்பது பெண்கள் குடத்தோடு நின்றார்கள். துணைக்கு வந்த நீர்முளைத் தலையாரியைப் பார்த்து அந்த வீட்டுக் காவல்காரன், "வாங்க, வழக்கமா ராத்திரியிலதானே வருவீங்க" என்றான். காத்தாயி தலையாரியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அதற்குப் பிறகு ஊர்க்கூட்டத்துக்கு வரவில்லை.

தினமும் எண்பது குடம். மருதப்பர் வீட்டில் குளிக்கத் தண்ணீர் இல்லை, வாசலில் நடக்க இடமில்லை. அப்புறப்படுத்த ஆறு மாதம் ஆகும் என்று அவர் சொன்ன மேடு, இரண்டே மாதத்தில் வண்டியேறி, ஆள் குடியில்லாத பாறைக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மண்வெட்டியோடு அவரே நின்று வேலை வாங்கினார்.

புளியமரத்துக் கிணறு வெளியே வந்தபோது தண்ணீர் தார்போல இருந்தது. இறைத்து இறைத்துக் கொட்டினார்கள். இரண்டு மழைக்காலம் கழித்து ஒரு நாள் அடிமண் தெரிந்தது. மந்திரி வந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். வைத்தியரும் நன்றாக இருக்கிறது என்றார்.

காத்தாயி ஒரு செம்பு குடித்தாள். கிணற்றடியிலேயே உட்கார்ந்தாள். மூன்று நாள் அந்தத் தண்ணீரைத் தவிர வேறெதையும் குடிக்காமல் இருந்து பார்த்தாள். நாலாம் நாள் காலையில் எழுந்து, "இப்போ பிள்ளைகளை வரச் சொல்லுங்க" என்றாள்.