கவசத்தை மட்டும் கழட்டிடாதீங்கண்ணே

செல்போனில் பத்துப் பேர் கூட்டாகச் சேர்ந்து ஆடுகிற மாயச் சண்டை விளையாட்டு அது. அந்தக் கூட்டத்துக்குத் துரைராசன்தான் தலைவர். காயம்பட்டவர்களை மந்திரம் போட்டுக் குணமாக்குவது செண்பகத்தின் வேலை.

ஒருநாள் துரைராசன் எந்த மந்திரமும் ஒட்டாத கவசம் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார்.

"இனிமே நீ எதுக்கும்மா? இன்னிக்குச் சண்டையில என் வாயாலயே உன் மந்திரத்தைக் கேக்க வை பாப்போம். முடியலேன்னா கூட்டத்தை விட்டுப் போயிடு."

"சரிங்கண்ணே. கவசத்தை மட்டும் கழட்டிடாதீங்க" என்றாள் செண்பகம்.

குகையில் பூதம் மந்திர நெருப்பைக் கக்கியது. அவர் மேல் ஒட்டவே இல்லை. "பாத்தியா!" என்று சிரித்தார். அடுத்ததாகப் பூதம் கடித்தது. கடி மந்திரமில்லையே.

"ஏம்மா, மந்திரம் போடும்மா, சீக்கிரம்!"

"போட்டுட்டேண்ணே, கவசம் உள்ள விடமாட்டேங்குது. என்னோடதும் மந்திரந்தானே?"

எல்லாரும் சிரித்தார்கள். அதற்குள் இன்னொரு கடி விழுந்தது. அந்த விளையாட்டில் செத்தால் செத்ததுதான். மூன்று வருஷமாக அவர் வளர்த்த வீரன் போய்விட்டான்.

செண்பகத்துக்கு இடம் நிலைத்தது. ஆனால் கவசத்தைப் பற்றி அவளுக்கு முதலிலேயே தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "புது வீரனோட வாங்கண்ணே" என்று எழுதிப் போட்டாள். அவர் பேருக்குப் பக்கத்தில், ஆட வந்திருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு அப்புறம் எரியவே இல்லை.