விறகு விலைக்கு வந்த வேங்கை

முன்னொரு காலத்திலே ஆனைமடு என்றொரு மலைநாடு. அதைச் செண்பகராயன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்தால் நினைத்தபடி. காலையில் ஒன்று சொல்வான், சாப்பாட்டுக்குப் பிறகு வேறொன்று சொல்வான்.

ஒரு வருஷம் அடித்த புயலில் அரண்மனைக் காட்டில் இருபது வேங்கை மரங்கள் விழுந்தன. ஒவ்வொன்றையும் இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்கலாம். அதே புயலில் பெரிய ஏரிக் கரையும் உடைந்துபோயிற்று. "மரத்தை விற்றுக் கரையைக் கட்டுங்கள்" என்று ராஜா உத்தரவிட்டான்.

யானைகள் மரங்களை இழுத்துவந்து அரண்மனை முற்றத்தில் போட்டன. களஞ்சிய அதிகாரி தாண்டவமூர்த்தி ஒவ்வொன்றையும் சுற்றிவந்து மூக்கைச் சுளித்தார்.

"அத்தனையும் உள்ளே கோறை, வெறும் பொந்து, மகாராஜா. விறகுக்குத்தான் ஆகும். இதோ நிற்கிற என் மைத்துனன் குப்பண்ணன் மர வியாபாரி. பாவம், நஷ்டத்தைப் பார்க்காமல் விறகு விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறான்."

"கொடுத்துத் தொலையும்" என்றான் ராஜா. அவனுக்குப் பசி.

"கொடுக்காதீங்க மகாராஜா!"

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தாள் வீரக்காள். மரம் அறுத்துப் பிழைக்கிறவள். உடைந்த ஏரிக்குக் கீழேதான் அவள் ஊர். விறகு விலைக்குப் போனால் கரையில் கால்வாசிகூட எழும்பாது என்று அவளுக்குத் தெரியும்.

யாரையும் கேட்காமல் ஒரு கோடாலியை எடுத்தாள். அதன் பின்பக்கத்தால் ஒவ்வொரு மரமாகத் தட்டிக் காதை வைத்தாள். இரண்டு மரம் 'தொப்'பென்றன. மற்றவை கணீரென்றன.

"இந்த ரெண்டும் கோறை. மிச்சம் பதினெட்டும் வைரம் பாய்ஞ்ச மரம். அரண்மனைக்கே உத்தரம் போடலாம்."

தாண்டவமூர்த்தி சிரித்தார். "தட்டிப் பார்க்க இதென்ன பானையா? உள்ளே புகுந்து பார்த்தாயோ?"

"முப்பது வருஷமா உள்ளேதானய்யா பார்க்கிறேன்! நான் அறுக்கிற மரத்தின் உள்பக்கத்தை எனக்கு முன்னால் பார்த்தவர் யாரு?"

சபை கலகலத்தது. ராஜாவுக்குப் பசி மறந்துபோயிற்று. "வாய் பெரிதாக இருக்கிறதே! நிரூபி. தோற்றால் உன் ரம்பத்தை இங்கேயே வைத்துவிட்டு நாட்டைவிட்டுப் போகவேண்டும்."

"சரி மகாராஜா. விறகுன்னு சொல்றவங்களே விறகு விலைக்கு வாங்கட்டும். ஆனால் விறகா வாங்கினதை இந்த முற்றத்திலேயே விறகாப் பிளந்துதான் கொண்டுபோகணும். பிளக்கக் கூலி வேண்டாம். நானே பிளக்கிறேன்."

குப்பண்ணன் முகம் வெளுத்தது. தாண்டவமூர்த்தி அவன் காதைக் கடித்தார்: "சும்மா மிரட்டுகிறாள். மரத்தைத் தொடமாட்டாள்." பிறகு உரக்க, "பிளக்கட்டுமே!" என்றார்.

வீரக்காள் இருப்பதிலேயே நல்ல மரத்தின் மேல் ஏறி நின்றாள். முன்னூறு வருஷம் நின்ற மரம். குப்பண்ணன் வாயைத் திறக்காவிட்டால் அது அவள் கையாலேயே சில்லாகும். கோடாலியைத் தலைக்குமேல் ஓங்கினாள்.

"ஐயோ, வெட்டாதே!" குப்பண்ணன் பாய்ந்துவந்து மரத்தைக் கட்டிக்கொண்டான். "இது பத்து மாளிகைக்கு உத்தரம்! ஒரு வெட்டு விழுந்தாலும் போச்சு!"

ராஜா சிம்மாசனத்தில் விழுந்து விழுந்து சிரித்தான். "விறகைக் கட்டிக்கொண்டு அழுகிறவனை இன்றுதான் பார்க்கிறேன்! உத்தரம் என்று உன் வாயாலேயே சொன்னாய். பதினெட்டுக்கும் உத்தரத்தின் விலையை வை." பிறகு தாண்டவமூர்த்தியைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. "அந்தக் கோறை மரம் இரண்டையும் நீர் பிளந்து சமையல்கட்டில் அடுக்கும். உமது கையால்."

"உனக்கு என்னம்மா வேண்டும்?" என்று வீரக்காளைக் கேட்டான்.

"மழைக்கு முன்னால் கரை வேணும். இனி இந்த நாட்டில் எந்த மரம் விழுந்தாலும் அதன் விலையை நான்தான் சொல்லணும்."

"அப்படியே ஆகட்டும்!"

மறுவாரம் குப்பண்ணன் அவள் பட்டறை வாசலில் வந்து நின்றான். அவ்வளவு பருத்த மரத்தைக் கோணாமல் அறுக்க அந்த நாட்டிலேயே வேறு ஆள் கிடையாது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "அறுத்துக் கொடுக்கணும், அக்கா" என்றான்.

வீரக்காள் ரம்பத்தின் பல்லைத் தீட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"அறுத்துட்டாப் போச்சு. எப்படி வேணும் தம்பி? உத்தரமாவா, விறகாவா?"