பெட்ரோல் தீர்ந்த தாய்மாமன்

இலுப்பைக் காட்டில் ஒரு கரடி இருந்தது. காட்டிலேயே பெரிய பைக் அதனிடம்தான் இருந்தது. காட்டிலேயே பெரிய வாயும் அதற்குத்தான். அந்தக் கரடி நான்தான். பெயர் சடையன்.

என் பைக் தொலைதூரப் பயணத்துக்கென்றே செய்தது. பதினைந்து லிட்டர் டேங்க். அப்படியே ஓட்டியிருந்தால் நல்ல வண்டி. நான் விடுவேனா? இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி மாட்டினேன். பின்னால் அலமாரி மாதிரி இன்னொரு பெட்டி. முன்னால் கதவு அகலத்துக்கு ஒரு கண்ணாடி. நாலு விளக்கு. ஒரு கொடி. எல்லாம் மாட்டி முடித்தபோது வண்டியில் எனக்குத்தான் இடம் போதவில்லை.

"லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" என்று யாராவது கேட்டால், "முப்பது!" என்பேன். அளந்து பார்த்ததில்லை. வண்டியை விற்ற நரி சொன்னது. எனக்கு அது போதும்.

வேங்கைமலையில் என் தங்கை குழலி வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் கல்யாணத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வழியில் ஒரு மான்கூட்டம் என் வண்டியை வேடிக்கை பார்த்தது. நின்று, எஞ்சினை உறுமவிட்டுக் காட்டினேன். மான்கள் அரை மணி நேரத்தில் போய்விட்டன. நான் இன்னும் அரை மணி நேரம் உறுமவிட்டேன். அதோடு இரண்டு வருஷம் குழலி என்னோடு பேசவில்லை.

ஒருநாள் அவள் அனுப்பிய புறா வந்து உட்கார்ந்தது. "என் பொண்ணு தேனுவுக்குக் காது குத்தறோம். நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள குத்திடணும். குழந்தைக்குத் தாய்மாமன் மடி வேணும். இந்தத் தடவையும் வரலேன்னா, எனக்கு அண்ணனே இல்லேன்னு நினைச்சுக்கறேன்! இதை அப்படியே சொல்லச் சொன்னா" என்றது.

"சடையன் வராமலா!" என்றேன்.

எங்கள் மலையடிவாரத்திலிருந்து வேங்கைமலை முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர். மலை இறங்கினால் முள்வெளி. அதைத் தாண்டுகிறவரை பெட்ரோல் பங்க் கிடையாது. பதினைந்து லிட்டருக்கு நானூற்றைம்பது கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டேன். போய்விட்டுக் கிட்டத்தட்டப் பாதி தூரம் திரும்பிக்கூட வரலாம்!

காலை ஐந்து மணிக்கு மலையடிவாரத்துப் பங்க்கில் டேங்க்கை நிரப்பினேன். சீர்வரிசையாக இரண்டு பித்தளை அண்டாக்களை வண்டியின் இரண்டு பக்கமும் கட்டியிருந்தேன். பளபளப்பு எல்லோருக்கும் தெரியவேண்டும் என்று வாய் முன்பக்கம் பார்க்கும்படி கட்டினேன்.

பக்கத்தில் எறும்புதின்னி அழுங்கு வடிவு தன் சின்ன பைக்குக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேங்கைமலைக்கும் அப்பால் முப்பது கிலோமீட்டரில் அவள் அம்மா வீடு. உடம்பெல்லாம் செதில், முதுகில் ஒரு துணிப்பை. அவ்வளவுதான் அவள் சாமான்.

"அண்ணே, உங்க டயர்ல காத்து கம்மியா இருக்கே! பிடிச்சுட்டுப் போங்க. இன்னிக்கு எதிர்காத்து வேற" என்றாள்.

"கரடி உட்கார்ந்தா டயர் அப்படித்தான் தெரியும்!" என்றேன்.

"எழுபதுக்கு மேல போகாதீங்க அண்ணே. நானும் கூடவே வரேன்."

"எழுபதா? எழுபதுல எனக்குத் தூக்கம் வரும்!"

ஆக்சிலேட்டரை முறுக்கினேன். அவள் மேல் ஒரு கூடை புழுதி விழுந்தது.

முள்வெளியில் நூற்றிருபதில் பறந்தேன். எதிர்காற்று இரண்டு அண்டாக்களுக்குள்ளும் புகுந்து "ஓ" என்று ஊதியது. வண்டி காற்றோடு மல்லுக்கு நின்றது. என் வீரத்தைப் பார்த்து அண்டாவே பாடுகிறது என்று நினைத்தேன். பெட்ரோல் முள் இறங்கியது. பார்த்தேன். முள்ளில் கோளாறு என்று முடிவு செய்தேன்.

இருநூற்று எழுபதாவது கிலோமீட்டரில் வண்டி இரண்டு தடவை இருமியது. பிறகு நின்றது.

முதலில் பெட்ரோலைத் திட்டினேன். பிறகு பங்க்கை. பிறகு காற்றை. அப்புறம் திட்ட யாரும் மிச்சமில்லை. வெயில் ஏறியது. வண்டியைத் தள்ளிப் பார்த்தேன். பத்தடி போயிற்று, என் மூச்சு இருபதடி போயிற்று. ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்றேன். குழலி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு வந்தது. அதற்குப் பிறகு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. நிதானமாக, சத்தமே இல்லாமல் வந்தது. வடிவு!

சட்டென்று வண்டியில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டேன்.

"என்ன அண்ணே, நின்னுட்டீங்க? ஏதாவது கோளாறா?"

"கோளாறா? என் வண்டியிலயா? சும்மா காத்து வாங்கறேன்!"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "சரி அண்ணே. அதோ அந்த ஆலமரத்து நிழல்ல அஞ்சு நிமிஷம் நிப்பேன். அப்புறம் கிளம்பிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆம், போகவிட்டேன். முள்வெளியில் பெட்ரோல் வைத்திருந்த ஒரே உயிரை, காற்று வாங்குகிறேன் என்று சொல்லி அனுப்பிவைத்த அறிவாளி நான்.

ஒரு நிமிஷம் போயிற்று. யாராவது வேறு வழியாகப் பெட்ரோல் கொண்டுவருவார்கள் என்று காத்திருந்தேன். அங்கே வேறு வழியே இல்லை. இரண்டாவது நிமிஷம், குழலி முகம் கண்முன் வந்தது. ஓடினேன்.

கரடிகள் வேகமாக ஓடும் என்பார்கள். அது வேறு கரடிகளாக இருக்கும். நான் மரத்தை நெருங்கியபோது வடிவு ஹெல்மெட் மாட்டி வண்டியைக் கிளப்பிவிட்டாள். சாலை நடுவில் போய் விழுந்தேன்.

"நில்லு வடிவு! பொய் சொன்னேன்! பெட்ரோல் தீர்ந்துபோச்சு! என் தங்கச்சி காத்திருக்கா!"

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "ஏறுங்க அண்ணே" என்றாள்.

என் வண்டிக்குத் திரும்பினோம். தன் டேங்க்கிலிருந்து ஒரு பாத்திரத்தில் பெட்ரோல் பிடித்தாள். "ஒன்றரை லிட்டர்தான் தர முடியும். மிச்சம் வேணும் எனக்கு. இன்னும் நாப்பது கிலோமீட்டர் இருக்கு. உங்க வண்டி உண்மையில எவ்வளவு குடுக்குது?"

பதினைந்து லிட்டரில் இருநூற்று எழுபது. முதல்முறையாக ஒழுங்காக வகுத்தேன்.

"பதினெட்டு. வண்டி முப்பது குடுக்கும். நான் ஓட்டினா பதினெட்டு."

"அப்போ இது பத்தாது. பின்னாடி பெட்டியில என்ன?"

"ஒண்ணுமில்லே. அழகுக்கு."

"இடதுபக்கம்?"

"சாய்வு நாற்காலி. வண்டி பக்கத்துல போட்டு உட்கார்ந்தா எடுப்பா இருக்கும்."

"வலதுபக்கம்?"

"நாற்காலிக்குக் குடை."

வடிவு பெருமூச்சு விட்டாள். "நீங்க எப்படி ஓட்டுவீங்க? உட்கார்ந்து காட்டுங்க."

உட்கார்ந்தேன்.

"பிரேக்கு மேல எதுக்குக் கால் வெச்சிருக்கீங்க?"

"கம்பீரமா..."

"முந்நூறு கிலோமீட்டரா பிரேக்கை மிதிச்சுக்கிட்டே ஓட்டியிருக்கீங்க அண்ணே!"

பெட்டிகளைக் கழற்றினோம். கண்ணாடி, கொடி, அண்டா எல்லாம் ஆலமரத்தடிக்குப் போயின. தேனுவுக்குக் கொண்டுவந்த கம்மலை மட்டும் காதுக்குள் செருகிக்கொண்டேன். வடிவின் கால்பம்பை நான் மிதித்து டயர்களுக்குக் காற்றடித்தேன். மணி ஒன்பதேகால்.

"அறுபதுலயே போங்க. சட்டுனு முறுக்காதீங்க. குனிஞ்சு உட்காருங்க" என்றாள்.

போனேன். அறுபது. ஒரு காட்டுப்பன்றி மொபெட்டில் என்னைத் தாண்டியது. "மாமா! சைக்கிள் எப்ப வாங்குனீங்க?" என்று கத்தியது. கை தானாக முறுக்கப் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் மயில்கள் வரிசையாக நின்று பார்த்தன. தலையைக் குனிந்துகொண்டேன். மயில் பார்க்கும்போது உறுமாமல் போவது கரடிக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

வேங்கைமலையின் கடைசி வளைவில் வண்டி இருமியது. எஞ்சின் அடங்கியது. நல்லவேளை, அங்கிருந்து இறக்கம். வாழ்க்கையில் முதல்தடவையாகச் சத்தமில்லாமல் ஒரு விசேஷ வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பந்தலில் என் சித்தப்பா மகன் கருப்பட்டி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் தேனு. காது குத்த வந்த மரங்கொத்தி அலகை ஓங்கிவிட்டது. குழலி வாசலைப் பார்க்காமல் முதுகைக் காட்டி நின்றாள்.

"நிறுத்துங்க! மாமன் வந்துட்டேன்!"

கருப்பட்டி நல்லவன், நகர்ந்து இடம் விட்டான். காதிலிருந்த கம்மலை எடுத்து மரங்கொத்தியிடம் கொடுத்துவிட்டு நான் உட்கார்ந்தேன். தேனு என்னைப் பார்த்து வீரிட்டாள். மரங்கொத்தி ஒரே கொத்து! தேனு என் கையைக் கடித்தாள். நான் அவளைவிடச் சத்தமாக அழுதேன். கை வலியால் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

குழலி கிட்டே வந்தாள். "சீர் எங்கே?"

"ஆலமரத்தடியில."

"ஏன் அங்கே?"

"அதையும் தூக்கிக்கிட்டு வந்திருந்தா நான் வந்திருக்க மாட்டேன். பாதி வழியில பெட்ரோல் தீர்ந்துபோச்சு, குழலி. தப்பு வண்டி மேல இல்ல. வடிவுதான் பெட்ரோல் குடுத்துக் கரை சேர்த்தா."

அவள் என் மூக்கில் அப்பியிருந்த புழுதியைத் தன் கையால் துடைத்துவிட்டாள்.

"சாப்பிட்டியா அண்ணே?" என்றாள்.

வீம்பை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு எவ்வளவு பெரிய டேங்க்கும் போதாது; தீர்ந்துவிட்டது என்று வாய்திறந்து சொல்கிறவனே வீடு போய்ச் சேருவான்.