சிலம்பாயி ஊத்தின மஞ்சத்தண்ணி

எட்டு ஆறு தாண்டி, ஒன்பதாவது ஆத்துல தண்ணியில்லாததால அப்படியே நடந்து போனா ஒரு ஊர் வரும். அந்த ஊர்ல சிலம்பாயின்னு ஒருத்தி இருந்தா. வயசு அறுபத்தெட்டு. தலை பஞ்சுப்பொதி. ஆனா கொண்டையில தாழம்பூ, உடம்புல கல்யாணத்துக்கு எடுத்த அரக்குக் கண்டாங்கிச் சேலை, காதுல தோளைத் தொடுற பாம்படம். அந்தப் பாம்படத்துல கிளி உக்காந்து ஊஞ்சலாடும். ஒரு கிளி முட்டைகூட வச்சிருச்சு. நம்பாதவங்க கிளியைக் கேட்டுக்கோங்க.

ஊர்த்தலைவர் வெயிலுமுத்து அவளுக்கு அத்தை மகன். வயசு எழுபத்தொண்ணு, தலை வழுக்கை, மீசை மட்டும் காக்காக் கறுப்பு, காதுல தங்கக் கடுக்கன். ஒருநாள் சந்தையில வளையல்காரர் அவளைப் பார்த்து, "வா தங்கச்சி"ன்னார். பக்கத்துல நின்ன வெயிலுமுத்துவைப் பார்த்து, "தள்ளி நில்லுங்க தாத்தா"ன்னார். அவ்வளவுதான், மறுநாளே தண்டோரா.

"நரை விழுந்தவங்க பூ, நகை, சாயச்சேலை போடக்கூடாது! கோயில் கொடைத் திருவிழா முடியிற அன்னைக்கு எல்லாத்தையும் கழட்டி அம்மனுக்குக் கொடுத்திரணும்! மீறினா ஊரைவிட்டுத் தள்ளிவைப்போம்!"

சிலம்பாயி பாம்படத்தைத் தொட்டுப் பார்த்தா. நாப்பது வருஷம் பாம்படம் ஆடின காது, வெறுங்காதாத் தொங்கணுமா? கூடவே ஒரு சந்தேகமும் குடைஞ்சுது. தாத்தான்னு கூப்பிட்டதுக்கா இம்புட்டு கோவம்? எழுபத்தொண்ணுல ஒரு முடிகூடவா நரைக்காது?

தலைவர் பொண்டாட்டியைக் கேட்டா. "அக்கா, மச்சான் மீசைக்கு என்ன தடவுறாரு?"

"யாருக்குத் தெரியும்? விளக்கு மாடத்துப் பக்கமே என்னை விடமாட்டாரு!"

துணி வெளுக்கிறவரைக் கேட்டா. "மச்சான் தலையணை உறை எப்படிப்பா இருக்கும்?"

"அடுப்புல கிடந்த கரித்துணி தோத்துரும் ஆத்தா!"

பூசாரியைக் கேட்டா. "மச்சான் மஞ்சத்தண்ணிக்கு நிப்பாரா சாமி?"

"எந்த வருஷம் நின்னாரு? வெளியூர்ல வேலைன்னு ஓடிருவாரு. இந்த வருஷம் உன் பாம்படத்தை வாங்க நின்னுதானே ஆகணும்!"

அந்த ஊர் வழக்கம் அப்படி. கொடை முடியிற அன்னைக்கு முறைக்காரிங்க முறைக்காரங்க மேல மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க. ஓடக்கூடாது, துடைக்கக்கூடாது. ஓடினா அம்மனுக்கு அவமரியாதை.

அன்னைக்கு சிலம்பாயி பூவும் பாம்படமுமா, இடுப்புல பித்தளைக்குடத்தோட வந்தா. ஊரே கூடியிருந்துச்சு.

"கழட்டு சிலம்பாயி."

"கழட்டுறேன் மச்சான். நரைச்சவங்க யாரா இருந்தாலும் கழட்டணுமா?"

"யாரா இருந்தாலும்!"

"ஆம்பளையா இருந்தாலும்?"

"இருந்தாலும்!"

"ஊர்த்தலைவரா இருந்தாலும்?"

"எனக்கு எங்கடி நரை?" மீசையை முறுக்கினார்.

"அதானே! சரி, கழட்டுறதுக்கு முன்னால முறையைச் செஞ்சிடுறேன். அத்தை மகன் நீங்க இருக்கும்போது வேற யாருக்கு ஊத்த?"

குடத்தைக் கவுத்தா பாருங்க! கறுப்பு மீசை மோவாயில இறங்கி, கழுத்துல இறங்கி, வெள்ளைச் சட்டையில ஆறா ஓடுச்சு. மிச்சம் நின்னது கொக்கு இறகு மாதிரி ஒரு வெள்ளை மீசை.

"அட, நான் தாத்தான்னு சரியாத்தானய்யா சொன்னேன்!" வளையல்காரர் கத்தினார். ஊர் சிரிச்ச சிரிப்புல கோயில் மணி தானா அடிச்சுது.

"தங்கக் கடுக்கனைக் கழட்டுங்க மச்சான். நரை விழுந்திருச்சு."

"சட்டமே வேண்டாம் புள்ள! அவங்கவங்க ஆசைக்கு உடுத்திக்கட்டும்!"

"அது நாளையிலேருந்து. இன்னைக்கு சட்டம் சட்டம்தான். ரெண்டு பேரும் சேந்தே கழட்டுவோமா?"

அவர் கடுக்கன் அம்மன் காலடிக்குப் போச்சு. சிலம்பாயி பாம்படத்துல கை வைக்கப் போனா. "அதைத் தொடாதே, ஆத்தா! அதுல முட்டை இருக்கு!"ன்னு ஊரே தடுத்திருச்சு.

அவ அம்மன் சந்தனத்தை எடுத்து வந்து, வெயிலுமுத்து நெத்தியில ஒரு சந்தனப்பொட்டு வச்சா. "விளக்குக்கரியைத் தூக்கிப் போடுங்க மச்சான். வெள்ளை மீசைக்கு இதுதான் எடுப்பு."

அவர் பித்தளைக்குடத்துப் பளபளப்புல முகத்தைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். மூணாவது தடவை லேசா முறுக்கிக்கிட்டார்.

சிலம்பாயி பாம்படத்தை ஆட்டிக்கிட்டு வீட்டுக்கு நடந்தா. வழியிலேயே கிளிமுட்டை பொரிஞ்சு, குஞ்சு பறந்துபோச்சு. அதோட இந்தக் கதையும் பறந்துபோச்சு, முடிஞ்சா பிடிச்சுக்கோங்க.