ஆறு பேர் சுமந்த மருந்து

மொட்டைப்பாறையில் புத்திக்குக் குறைவே கிடையாது. ஊரே பங்கு போட்டுக்கொண்டதால் ஒருத்தரிடமும் கைப்பிடி அளவு தேறாது, அவ்வளவுதான்.

அந்த ஊர் பூவாத்தாளின் எருமை கால் வீங்கிப் படுத்துவிட்டது. வீட்டில் கறவை அது ஒன்றுதான். கைக்குழந்தைக்குப் பாலும் அதுதான். மாட்டு டாக்டர் வந்து சீட்டு எழுதினார். "பொழுது சாயறதுக்குள்ள மாட்டுக்குக் குடுத்துரு" என்றார். பூவாத்தாள் சீட்டைச் சுருட்டி எருமை வாயில் கொடுத்தாள். அதுவும் மென்று விழுங்கிவிட்டது.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். வேறு தாள் இல்லை. "மருந்து பேரு ஆக்ஸிடெட்ராசைக்ளின். ஒரே மூச்சுல வராது. ஆக், ஸி, டெட், ரா, சைக், ளின்னு ஆறாப் பிரிச்சுக்குங்க. 'சைக்' மட்டும் ஓங்கிச் சொல்லோணும்" என்று வண்டியைக் கிளப்பினார்.

பிரிச்சுக்குங்க என்றால் பிரித்துக்கொள்ள வேண்டாமா? ஊர்ப் பெரியதனக்காரர் ஒண்டியப்பன் 'ஆக்'கைத் தான் வைத்துக்கொண்டு, மற்றதை ஐந்து பேருக்குப் பங்கு வைத்தார். ஏரிக்கு அக்கரையில் மேயும் எருமையைக் கூப்பிட்டே திருப்புகிற தொண்டை என்பதால் 'சைக்' பூவாத்தாளுக்கு.

அவள் புருஷன் நாச்சான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். "எனக்குப் போயி 'ஸி'யா? மாமனார் ஊட்டுல மதிப்பாங்களா?"

"அட, நீ இல்லாட்டி ஆக்குக்கும் டெட்டுக்கும் நடுவுல பாலம் ஏதுடா?" என்றார் ஒண்டியப்பன். நாச்சான் குளிர்ந்துபோனான்.

பஸ்ஸில் வரிசை கலைந்தால் மருந்தே மாறிவிடுமே! ஒருத்தர் துண்டை ஒருத்தர் பிடித்துக்கொண்டே டவுன் மருந்துக்கடைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வரிசையாகச் சொன்னார்கள். 'சைக்' வந்தபோது அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

"ஆக்ஸிடெட்ராசைக்ளினா?" என்று கடைக்காரர் பெட்டியை எடுத்து வைத்தார்.

ஆறு பேரும் பின்வாங்கினார்கள்.

"இது ஒத்தை ஆள் சொல்ற மருந்துங்க. எங்களுது ஆறு ஆள் மருந்து" என்றார் ஒண்டியப்பன்.

"ரெண்டும் ஒண்ணுதான்யா!"

"எங்க எருமை எவ்வளவு பெருசுன்னு தெரியுமா உங்களுக்கு?"

வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. பூவாத்தாள் கடைக்காரரிடம் நெருங்கி வந்தாள். "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. நீங்களே ஆறு குரல்ல சொல்லிக் குடுத்துருங்களேன்" என்றாள்.

பின்னால் கூட்டம் முண்டியது. கடைக்காரர் கீச்சுக்குரல், கட்டைக்குரல் என்று மாற்றி மாற்றிச் சொன்னார். 'சைக்'கில் அவருக்கு இருமலே வந்துவிட்டது. ஆறு பேரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள்.

பொழுது சாய்வதற்குள் மருந்து உள்ளே போனது. காலையில் எருமை எழுந்து நின்றது. டாக்டர் பூவாத்தாளுக்குப் போன் போட்டு விசாரித்தார். "பேஷ்! இன்னும் ரெண்டு நாளைக்கு வாங்கிக் குடு."

"இன்னிக்கு ஆகாதுங்க டாக்டரே. 'ளின்' பழனிக்கு மொட்டை போடப் போயிருக்குது."

"மத்த அஞ்சு பேர் போனாப் போதாதா?"

பூவாத்தாளுக்குக் கோபமே வந்துவிட்டது. "நல்லாருக்குதுங்க நீங்க சொல்றது! வாயில்லாச் சீவனுக்கு வாலில்லாத மருந்தா?"