கிணற்றுக்குள் ஓர் உயர்ந்த ஆசனம்

முன்னொரு காலத்தில், யார் நீட்டி முழக்கினாலும் கொட்டாவி விடுகிற ராஜா ஒருவர் இருந்தார். சபையின் வளவளப்பு தாங்காமல் ஒருநாள் சட்டம் போட்டார். ஒரு கேள்வியும் ஒரு குறிப்பும் தரப்படும். விடை காண அந்தக் குறிப்பு போதுமா, போதாதா? ஒரே சொல்லில் பதில் வர வேண்டும், விளக்கம் கூடாது. தப்பாகச் சொன்னவன் பதவியையும் ஊரையும் விட்டுப் போக வேண்டியதுதான்!

விகடகவி மருதக்கூத்தனைக் கண்டாலே மந்திரி கச்சிராயருக்கு வயிறு எரியும். முதல் கேள்வியை அவரே கேட்டார்.

"இரண்டு காவலர்களை ஒளித்து வைத்திருக்கிறேன். யார் அதிக உயரத்தில் இருக்கிறான்? குறிப்பு இதுதான்: முற்றத்துத் தரைமட்டத்திலிருந்து முதலாமவன் இருபது முழம் தள்ளி, இரண்டாமவன் ஐந்து முழம் தள்ளி."

"போதாது" என்றான் கூத்தன்.

சபை கொல்லென்று சிரித்தது. "ஐந்தைவிட இருபது பெரிதென்று தெரியாதா? போதும், மகாராஜா, தாராளமாகப் போதும்!" என்றார் மந்திரி. ராஜாவும் தலையாட்டினார்.

கூத்தனோ போன மாதம்தான் வீட்டுக்குப் புதுக்கூரை போட்டிருந்தான். காரணம் சொல்லலாமென்றால் சட்டம் வாயைக் கட்டுகிறது. சட்டென்று கைகூப்பினான்.

"போகிறேன், மகாராஜா. போகுமுன் ஓர் ஆசை. தங்கள் சிம்மாசனம் தரையிலிருந்து மூன்று முழம். மந்திரியாரைப் போன்ற பெரிய அறிவாளியை இருபது முழம் தள்ளி ஓர் ஆசனத்தில் அமர்த்திவிட்டுப் போகிறேன்."

"என்னைவிட உயரத்திலா?" ராஜாவின் மீசை துடித்தது.

"மந்திரியார் கணக்குப்படி, ஆமாம்."

என்னதான் செய்கிறான் பார்ப்போம் என்று ராஜா சம்மதித்தார். மந்திரிக்கோ தலைகால் புரியவில்லை. "வடம் ஆடினால் தலை சுற்றும், சுவாமி" என்று கூத்தன் சொன்னதும், கண்ணைக் கட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்து, வடத்தில் கட்டிய கூடையில் சம்மணம் போட்டு அமர்ந்தார். கூத்தன் கூடையை மெல்ல அரண்மனைக் கிணற்றுக்குள் இறக்கினான். இருபதாவது முழத்தில் பட்டு வேட்டி தண்ணீரைத் தொட்டது.

"ஐயோ! தூக்குங்கடா!"

கூத்தன் எட்டிப் பார்த்தான். "எங்கள் எல்லோரையும்விட உயரத்தில் இருக்கிறீர்கள், சுவாமி! இன்னும் எங்கே தூக்குவது?"

ராஜாவுக்கு அப்போதுதான் புரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தார். "கச்சிராயரே, அந்தக் குறிப்பு போதுமா? ஒரே சொல்!"

"போதாது! போதாது! போதாது!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தன் கழுத்தில் போட்டார். "இனிமேல் காரணமும் சொல்லலாம்" என்று சட்டத்தையும் திருத்தினார்.

அன்று முதல் கச்சிராயர் 'போதும்' என்ற சொல்லையே வாயில் எடுத்ததில்லை. பந்தியில் பாயசம் ஊற்றுகிறவர்கள்தான் பாவம்.